வாயில் இரும்பு இல்லாமல் ஒரு குதிரை

ஸ்கூடாய் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது பல்கலைக்கழகம்தான். 1985ஆம் ஆண்டில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இங்கே குடிவந்த பிறகு வட்டாரமே மாணவர் பட்டணமாகிவிட்டது. அந்த வளாகத்தில் குதிரையேற்றத்துக்கும் இடம் ஒதுக்கினார்கள். ஜொகூர் அரச குடும்பத்தின் போலோ ஆர்வமோ நாடறிந்தது. ஆகவே இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் குதிரை ஒன்றும் எட்டாக்கனி அல்ல.

என் தம்பி மகளும் ஸ்கூடாயில் படிக்கிறாள். வார இறுதியில் ஊருக்கு வெளியே ஒருவரிடம் குதிரை ஏறப் பழகுகிறாள். “பெரியப்பா, நீங்க பிறந்தது லயம், நான் போறது லாயம். ஒரு துணைக்கால்தான் வித்தியாசம்!” என்று கேலி செய்வாள்.

அந்தப் பெண் ஒரு நாள் கலங்கிய குரலில் தொலைபேசியில் அழைத்தாள். லாயக்காரர் புதிதாக வாங்கிய பெண் குதிரைக்குக் கடைவாய் ஓரத்தில் பழைய தழும்பாம். கடிவாளத்தைக் கண்டாலே தலையை வானத்துக்குத் தூக்குகிறதாம். “வாயில் இரும்பு இல்லாத கடிவாளம் இருக்காமே, பெரியப்பா. கடையில் நாலு வகை காட்டுகிறார்கள். எது வலிக்காதது?” என்று கேட்டாள். மாட்டைப் பற்றிக் கேட்டால் சொல்லிவிடுவேன். குதிரைக்காக நாலு இடத்தில் விசாரித்து, படித்து, நேரிலும் போய்ப் பார்த்தேன். தெரிந்துகொண்டதை உங்களோடும் பகிர்ந்துகொள்கிறேன்.

வாய்க்குள் நடப்பது

குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல் இல்லாத இடைவெளி உண்டு. கடிவாளத்தின் இரும்பு அங்கேதான் தங்குகிறது. அந்த இடத்தில் எலும்பை மூடியிருப்பது மெல்லிய ஈறு மட்டுமே. லகானை வெடுக்கென்று இழுத்தால் நாக்கு, ஈறு, உதட்டோரம் மூன்றுக்கும் வலி. தேர்ந்த கை மெல்லப் பிடிக்கும். புதிதாகப் பழகுகிறவரோ, ஆட்டம் கண்டதும் விழாமல் இருக்க லகானையே பற்றி இழுப்பார். புண் அப்படித்தான் வருகிறது.

இதில் சட்டமும் அக்கறை காட்டியிருக்கிறது. இந்தியாவில் 1965ஆம் ஆண்டு விதிகள் முள் வைத்த கடிவாளத்தைத் தடை செய்தன. நம் நாட்டிலும் 2015ஆம் ஆண்டில் விலங்கு நலச் சட்டம் இயற்றப்பட்டது.

ஆனாலும் தலையை உதறும் குதிரைக்கெல்லாம் இரும்புதான் காரணம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பல் கூர்மையாகிக் கன்னத்தை அறுத்தாலும், சேணம் முதுகை அழுத்தினாலும் அது முரண்டு பிடிக்கும். எனவே கடைக்குப் போகுமுன் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

நாலு வகை

முதலாவது ‘சைட்புல்’. மூக்கைச் சுற்றி ஒரு வார், அதன் இரு பக்கமும் வளையம், வளையத்தில் லகான். இடப்பக்கம் இழுத்தால் தலை இடப்பக்கம் திரும்பும். கையைத் தளர்த்தினால் அழுத்தமும் அப்போதே தளரும்.

இரண்டாவதில் வார்கள் தாடைக்கு அடியில் குறுக்கே போகும். அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த கால்நடை மருத்துவர் ராபர்ட் குக் இதைப் பரப்பியவர். இடது லகானை இழுத்தால் வலது கன்னம் மெல்லத் தள்ளப்படும். அழுத்தம் ஓரிடத்தில் குவியாமல் தலையைச் சுற்றிப் பரவும். குறை என்னவென்றால், சில வேளை வார் இறுகியபடியே நின்று, கையைத் தளர்த்திய பிறகும் தாமதமாக விடும்.

மூன்றாவது ‘பொசால்’. பச்சைத்தோலைப் பின்னிச் செய்த மூக்கு வளையம் இது. ஸ்பானிய வழி வந்த கலிபோர்னிய மாட்டு மேய்ப்பர்களின் பொருள். தேர்ந்தவர் கையில் அழகாக வேலை செய்யும். புதியவர் கையில் தோலை உராய்ந்துவிடும்.

நாலாவது, இரு பக்கமும் நீண்ட கம்பி வைத்த ‘ஹேக்கமோர்’. கடப்பாரையால் கல்லை நெம்புவதுபோல, கம்பி நீள நீள இழுப்பின் பலம் கூடும். மூக்கெலும்பும் தாடையும் நடுவில் நசுங்கும். வாயில் இரும்பு இல்லைதானே என்று இதைச் சாதுவாக எண்ணிவிடாதீர்கள்.

பழகும் பிள்ளைகளுக்கும், வாயில் காயம்பட்ட குதிரைக்கும் முதல் வகையே ஏற்றது என்பது என் முடிவு. போட்டிக்குப் போக விரும்புவோர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். அனைத்துலகச் சம்மேளனத்தின் விதிப்படி தடை தாண்டும் போட்டிக்கு ஹேக்கமோர் அணியலாம். ‘டிரஸாஜ்’ போட்டிக்கு வாயில் இரும்பு கட்டாயம்.

அளவு பார்த்து வாங்குங்கள்

குதிரை மூக்கால் மட்டுமே மூச்சு விடும். நம்மைப் போல வாயைத் திறந்து மூச்சு வாங்க அதனால் முடியாது. மூக்குவார் கீழே இறங்கினால், எலும்பு முடிந்து மெதுவான குருத்தெலும்பு தொடங்கும் இடத்தில் அழுத்தி மூச்சை அடைக்கும். கன்ன எலும்பின் மேடு முடிகிற இடத்துக்கு இரண்டு விரல் கீழே, கெட்டியான எலும்பின்மேல் வார் இருக்கட்டும். வாருக்கும் மூக்குக்கும் நடுவே இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். கண்ணோரம் எந்த வாரும் உரசக் கூடாது.

வார் அகலமாகவும், உட்புறம் மெத்தென்றும் இருப்பது நல்லது. ஜொகூரின் ஈரக் காற்றில் தோல் சீக்கிரம் பூஞ்சணம் பிடிக்கும். சவாரி முடிந்ததும் வியர்வையைத் துடைத்து, நிழலில் உலர்த்த வேண்டும். நைலான் விரைவில் காயும். ஆனால் ஓரம் கரடாக இருந்தால் தோலை அறுக்கும். விரலால் தடவிப் பார்த்து வாங்குங்கள்.

புதுக் கடிவாளத்தை மாட்டியதும் ஏறி உட்கார்ந்துவிடாதீர்கள். முதலில் தரையில் நின்றபடி நிற்கவும், திரும்பவும், பின்வாங்கவும் பழக்குங்கள். பிறகு வேலி அடைத்த திடலில், பயிற்சியாளர் பக்கத்தில் இருக்க, ஏறலாம். மிரண்டு ஓடும் குதிரையை எந்தக் கடிவாளமும் தானாக நிறுத்தாது.

எங்கள் தாத்தா தோட்டத்தில் மாட்டு வண்டி ஓட்டியவர். மூக்கணாங்கயிறு எப்போதும் தொய்வாகவே கிடக்கும். நாக்கைச் சொடுக்கினால் போதும், மாடு திரும்பிவிடும். “கயிற்றை இழுக்கிறவனுக்கு வண்டி ஓட்டத் தெரியாது” என்பார்.

அதை என் தம்பி மகளிடம் சொல்லிவிட்டு வந்தேன். மூன்று வாரம் கழித்து மறுபடி ஸ்கூடாய்க்குப் போனேன். அவள் சைட்புல்லை விரித்துப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றாள். குதிரை அதை முகர்ந்து பார்த்தது. பிறகு தலையைத் தாழ்த்தித் தானே மூக்கை உள்ளே விட்டது. “பார்த்தீங்களா, பெரியப்பா!” என்றாள். பார்த்தேன். அன்று அவள் கையிலும் லகான் தொய்வாகத்தான் கிடந்தது.