வவுச்சர் இருக்கா சார்?

சம்பளம் கிடையாது. போனஸ், பி.எஃப்., தீபாவளி ஸ்வீட் பாக்ஸ் எதுவும் கிடையாது. எழுதினால் கட்டுரைக்குக் கீழே பேர் போட மாட்டார்கள். எழுதியதை யார் வேண்டுமானாலும் வந்து அடித்துத் திருத்தலாம். இப்படியொரு வேலையில் நானாகப் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. தமிழ் விக்கிப்பீடியாவுக்கு எழுதுகிற வேலை!

"அதையெல்லாம் ஆளுங்க உட்கார்ந்து எழுதறாங்களா?" என்று நிஜமாகவே ஆச்சரியப்பட்டார் ஆபீஸில் பக்கத்து ஸீட் நண்பர். மழை மாதிரி அதுவாகப் பெய்கிறது என்று நினைத்திருந்தாராம்.

ஆளுங்கதான் எழுதறாங்க சார். 2001 ஜனவரியில் ஜிம்மி வேல்ஸ், லாரி சாங்கர் என்ற இரண்டு பேர் ஆங்கிலத்தில் ஆரம்பித்தது. தமிழுக்கு 2003-ல் வந்தது. அதை ஆரம்பத்திலிருந்து தூக்கி நிறுத்தியவர் இ. மயூரநாதன். யாழ்ப்பாணத்துக்காரர், கட்டடக் கலைஞர். வளைகுடாவில் வேலை பார்த்துக்கொண்டே ஆயிரக்கணக்கில் கட்டுரை எழுதித் தள்ளினார். கனடாவிலிருக்கும் தமிழ் இலக்கியத் தோட்டம் 2015-க்கான இயல் விருதை அவருக்குக் கொடுத்தது. இன்றைக்குக் கட்டுரைகள் ஒன்றரை லட்சத்தைத் தாண்டிவிட்டன.

பெரியசாமித் தூரன் தலைமையில் தமிழ் வளர்ச்சிக் கழகம் போட்ட கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதி வந்தது 1954-ல். பத்தாவது தொகுதி 1968-ல். அசுர உழைப்பு! ஆனால், அதில் ஒரு வரி பிசகியிருந்தால் அடுத்த பதிப்பு வரை காத்திருக்க வேண்டும். இங்கே 'தொகு' என்ற பொத்தானை அமுக்கினால் போச்சு. எழுதிப் பழக 'மணல்தொட்டி' என்று ஓர் இடம். கூடிப் பேச, வழக்குத் தீர்க்க ஒரு பக்கம். அதன் பேர் என்ன தெரியுமா? 'ஆலமரத்தடி'! சொம்பும் ஜமுக்காளமும்தான் பாக்கி.

முதல் ஆறு மாசம் ஒற்று மிகுமிடம், முற்றுப்புள்ளி என்று காலத்தை ஓட்டினேன். பிறகு ஆசை வந்தது. சொந்த ஊரைப் பற்றி எழுதலாமே!

என் ஊர் சேவூர். 'அவிநாசிக்குப் பக்கத்தில்தானே?' என்பீர்கள். அது வேறு சேவூர். என்னுடையது ஆரணிக்குப் பக்கத்தில், பட்டு நெய்கிற சேவூர். இப்படி ஒரே பேரில் இரண்டு இருந்தால் பிரித்து அனுப்பும் பக்கத்துக்கு விக்கிப்பீடியாவில் 'பக்கவழி நெறிப்படுத்தல்' என்று பேர். டிராஃபிக் கான்ஸ்டபிள் வேலை.

அப்பா நாற்பது வருஷமாகத் தறியில் இருப்பவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு எழுதினேன். பாவு, ஊடை, ஜரிகை, மழைக்காலத்து அவஸ்தை என்று இரண்டு பக்கம். ராத்திரி பதினொரு மணிக்குச் சேமித்துவிட்டுத் தூங்கினேன். ஏதோ பாரத ரத்னா வாங்கிய மாதிரி தூக்கம்.

காலையில் பார்த்தால், வரிக்கு வரி வாலில் ஒரு பட்டை: 'மேற்கோள் தேவை'. பேச்சுப் பக்கத்தில் ஒரு பயனர் ரொம்ப மரியாதையாகக் கேட்டிருந்தார். "உங்கள் தந்தையார் கூறியவை எங்காவது அச்சில் வந்துள்ளனவா?"

அப்பாவிடம் சொன்னேன். நாடாவை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நெய்யறவன் நானு. எனக்கே சாட்சி வேணுமா? இன்னாடா ஆபீஸு அது?"

எனக்கும் கோபம்தான். கீபோர்டை இழுத்து வைத்துக்கொண்டு ஆலமரத்தடியில் ஒரு பிடி பிடிக்கலாம் என்று உட்கார்ந்தேன். அப்போதுதான் உறைத்தது. நான் பி.காம். ஆபீஸில் என் உத்தியோகமே கணக்குப் பார்ப்பது. அதற்கு முந்தின வாரம்தான் சேல்ஸ் ரெப் ஒருவரின் 140 ரூபாய் ஆட்டோ பில்லைத் திருப்பி அனுப்பியிருந்தேன். "நிஜமாவே போனேன் சார்" என்று கெஞ்சினார். "போயிருப்பீங்க. வவுச்சர் இருக்கா?" என்று கேட்டவன் சாட்சாத் நானேதான்.

விக்கிப்பீடியாவிலும் நான் ஒன்றும் யோக்கியன் இல்லை. வேறோர் ஊர்ப் பக்கத்தில் யாரோ எட்டு இடத்தில் 'உலகப் புகழ் பெற்ற' என்று போட்டிருந்தார். எட்டையும் அடித்தேன். அந்த ஊர்க்காரர் எந்த ராத்திரி எந்த சந்தோஷத்தில் எழுதினாரோ!

ஆக, விதி சரி. ஆனால் அந்தச் சரியில்தான் எனக்கு ஒரு முள். பழைய ஆரணி மஸ்லின் துணியைப் பற்றி வெள்ளைக்காரர் காலத்துப் புத்தகங்களில் குறிப்பு உண்டு. அதை எடுத்துப் போட்டால் ஒரு பட்டையும் ஒட்டாது. பார்த்தவர் எழுதி வைத்துவிட்டுப் போனார். நெய்தவர் எழுதவில்லை. கை சும்மா இருந்தால்தானே எழுத? இன்றைக்கு எங்கள் தெருவில் என் வயசுப் பையன் ஒருவன்கூடத் தறியில் இல்லை. நான் உட்பட. இன்னும் பதினைந்து வருஷம் கழித்து மேற்கோளே வேண்டாம், சும்மா சொல்லுங்கள் என்றாலும் சொல்ல ஆள் இருக்குமா?

கட்டுரையில் பாதியை நானே வெட்டினேன். படத்துக்கு மட்டும் இந்தத் தொல்லை இல்லை. நாமே எடுத்த போட்டோ என்றால், யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று உரிமம் கொடுத்து 'பொதுவகம்' என்ற கிடங்கில் ஏற்றிவிடலாம். அப்பாவின் தறியைப் படம் எடுத்து ஏற்றினேன். போனில் காட்டினேன். பெரிசு பண்ணிப் பார்த்துவிட்டு, "ஓரத்துல ஒரு இழை அறுந்திருக்கு பாரு. முடிச்சு போட்டப்புறம் எடுத்திருக்கலாம் இல்ல?" என்றார்.

சரி, இந்தப் பத்திரிகை அச்சில்தானே வருகிறது? அதனால் வெட்டியதில் இரண்டை இங்கே போட்டு வைக்கிறேன். எங்கள் வீட்டுத் தறியில் ஒரு பாவுக்கு மூன்று சேலை. அடை மழை வந்தால் தறிக்குழியில் தண்ணீர் ஊறும், பாவு ஈரம் இழுத்துக்கொள்ளும், வேலை நிற்கும், கூலியும் நிற்கும். இதை நானே விக்கிப்பீடியாவில் மேற்கோள் காட்டினால் சொந்தச் சரக்கு என்பார்கள். வாசகர்கள் யாராவது மனசு வைத்தால் உண்டு.

எழுதியதை அனுப்புவதற்கு முன் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார்.

"மூணு சேலைன்னு அடிச்சு சொல்றியே, நாலு சேலைக்கும் பாவு போட்டிருக்கோம். திருத்திடு."