வரைபடத்தை மூடினால் மணிக்கூடு ஏன் நிற்கிறது?

வேர்ல்ட் ஒஃப் வோர்கிராப்ட் விளையாடத் தொடங்கினால் நேரம் போவதே தெரியாது. அதனால் 25 நிமிடத்துக்கு ஒருமுறை கண்ணுக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லும் சிறிய மணிக்கூடு ஒன்றை எழுதிப் பார்த்தேன். 2004இல் வெளிவந்த இந்த விளையாட்டின் திரையில் நாமே பெட்டிகளையும் பொத்தான்களையும் சேர்க்கலாம். அதற்கான நிரல்மொழி லுவா.

உலக வரைபடத்தின் ஓரத்தில் மணிக்கூடு அழகாக வந்து உட்கார்ந்தது. வரைபடத்தை மூடினேன், அதுவும் மறைந்தது. ஒரு மணித்தியாலம் கழித்துத் திறந்தால், மூடும்போது காட்டிய அதே நிமிடத்தில் நின்றது.

பிழை கணக்கில் இல்லை, உறவுமுறையில்தான். திரையில் தெரியும் இத்தகைய துண்டுகளை விட்ஜெட் என்பார்கள். புதிய ஒன்றை உருவாக்கும்போது அது எந்த விட்ஜெட்டின் பிள்ளை என்றும் சொல்லலாம். நான் வரைபடத்தையே தாயாகக் கொடுத்திருந்தேன். தாயை மறைத்தால் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லாமே மறையும். அளவும் அப்படித்தான், பெருக்கலாகக் கீழிறங்கும்: தாய் 0.8, பிள்ளை 0.5 என்றால் திரையில் பிள்ளை தெரிவது 0.4 அளவில்.

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது அடுத்த இடத்தில். மறைந்துபோன பிள்ளையிடம் 'ஐஸ்ஷோன்' என்று கேட்டால் 'ஆம்' என்றே பதில் வரும். அதை யாரும் நேரடியாக மறைக்கவில்லையே! 'ஐஸ்விசிபிள்' என்று கேட்டால்தான் தாயையும் சேர்த்துப் பார்த்து 'இல்லை' என்கிறது. தாய் மூடியிருக்கும்வரை பிள்ளைக்கு 'ஷோ' கட்டளையை நூறு தடவை கொடுத்தாலும் பயனில்லை. நான் அரை இரவைத் தொலைத்தது இதில்தான்.

மணிக்கூடு நின்றதற்கும் காரணம் இதுவே. திரை புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் ஓடும் 'ஒன்அப்டேட்' பகுதியில் நான் விநாடிகளைக் கூட்டிக்கொண்டிருந்தேன். கண்ணுக்குத் தெரியாத விட்ஜெட்டுக்கு அது ஓடாது. ஆனால் பதிவு செய்துவைத்த நிகழ்வுகள், உதாரணமாகச் சண்டை தொடங்கியது என்ற தகவல், மறைந்திருக்கும் விட்ஜெட்டுக்கும் வந்து சேரும்.

தீர்வு ஒரே வரி: தாயை மாற்றுவது. விளையாட்டின் இடைமுகம் முழுவதற்கும் தாயாக 'யூஐபேரன்ட்' இருக்கிறது. அதற்குப் பிள்ளையாக்கிவிட்டு, 'செட்பொயின்ற்' மூலம் வரைபடத்தின் ஓரத்திலேயே நிற்க வைத்தேன். யாருடைய பிள்ளை என்பதும் எதன் பக்கத்தில் நிற்பது என்பதும் வேறு வேறு. எதன் பக்கம் என்று சொல்லாமல் விட்டால் தாயையே எடுத்துக்கொள்வதால்தான் இரண்டும் ஒன்று என்று நினைத்துவிடுகிறோம்.

தாயே இல்லாமலும் விடலாம். அப்போது ஓல்ற்டும் இசட்டும் அழுத்தி இடைமுகம் முழுவதையும் மறைத்தாலும் மணிக்கூடு மட்டும் தனியே தெரியும். இடைமுகத்தின் பொது அளவும் அதைக் கட்டுப்படுத்தாது. படம்பிடிக்க நினைப்பவருக்கு அது தொல்லை, ஆகவே நான் அதைச் செய்யவில்லை.

கடைசியாக ஒன்று. இந்த விளையாட்டில் உருவாக்கிய விட்ஜெட்டை அழிக்க வழியில்லை, மறைக்க மட்டுமே முடியும். ஒவ்வொரு சொடுக்குக்கும் புதிதாக ஒன்றை உருவாக்கினால், இடைமுகத்தை மீளேற்றும்வரை பழையவை எல்லாம் நினைவகத்தில் கிடக்கும். ஒன்றை உருவாக்கி, மறைத்து, திரும்பத் திரும்ப அதையே பயன்படுத்துங்கள்.