234 பைஜாமாக்கள்!

எட்டாவது பிறந்த நாள். பரிசாக வந்த கெமிஸ்ட்ரி செட்டை வைத்து ஏதோ கலக்கப்போய், போட்டிருந்த பைஜாமாவில் பெரிய ஓட்டை. அன்றைக்கே விஞ்ஞானத்தின் மேல் காதல் வந்துவிட்டதாம். படிக்க நல்லாத்தானே இருக்கு?

பிரச்னை என்னன்னா, பிரிட்டனில் 234 பேருக்கு அதே பைஜாமா எரிந்திருக்கிறது! அங்கே பல்கலைக்கழக விண்ணப்பங்களை மொத்தமாகக் கையாளும் யூகாஸ் அமைப்பு, 50,000 விண்ணப்பங்களின் பெர்சனல் ஸ்டேட்மென்ட்டுகளைச் சோதித்து 2007-ல் வெளியிட்ட தகவல் இது. இன்டர்நெட்டில் கிடந்த ஒரு மாதிரிக் கட்டுரையைச் சுட்டதுதான் விஷயம். 175 பேர் வயதான, நோயாளியான தாத்தாவை வேறு உள்ளே இழுத்திருந்தார்கள். அதற்குப் பிறகு அங்கே வரும் ஒவ்வொரு ஸ்டேட்மென்ட்டும் காப்பியைக் கண்டுபிடிக்கும் சாஃப்ட்வேர் வழியாகத்தான் போகிறது.

சிரிக்காதீங்க பாஸ். நம்ம ஹாஸ்டலில் சுற்றும் ‘சீனியர் எஸ்.ஓ.பி.’ ஃபைல் மட்டும் என்னவாம்? அமெரிக்காவில் எம்.எஸ். கிடைத்த ஒரு அண்ணன் எழுதியது, பேர் மாறி, டிபார்ட்மென்ட் மாறி, பத்து பேட்ச் தாண்டி ஓடிக்கொண்டிருக்கும். கலாம் சொன்ன கனவு முதல் வரியில். ‘சிறு வயதிலிருந்தே’ இரண்டாவது வரியில். ‘உங்கள் புகழ்பெற்ற பல்கலைக்கழகம்’ கடைசி வரியில். இப்போ அந்த வேலையை சாட்ஜிபிடி இன்னும் வேகமாகச் செய்து தருது, அவ்வளவுதான் வித்தியாசம்.

எனக்குத் தெரிந்த ஒரு பொண்ணு, சிவில் முடித்துவிட்டு என்விரான்மென்டல் இன்ஜினீயரிங் மாஸ்டர்ஸுக்கு அப்ளை பண்ணினாள். டிராஃப்டை அனுப்பி, “பார்த்துச் சொல்லுங்கண்ணா” என்றாள். பார்த்தேன். இயற்கை அன்னை, நாளைய உலகம், பசுமைப் புரட்சி... கிராமர் எல்லாம் பக்கா. ஆனா யார் எழுதினதுன்னே தெரியலை.

“சரி, உங்க ஊர் எது?”

“ஒரத்துப்பாளையம் பக்கமுங்ணா.”

நொய்யலின் குறுக்கே அணை இருக்கும் அதே ஒரத்துப்பாளையம். பாசனத்துக்காகக் கட்டிய அணையில் திருப்பூர் சாயக் கழிவு தேங்கி, கோர்ட் வரைக்கும் போன ஊர். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடச் சொன்னது நினைவிருக்கலாம். அவளுடைய அப்புச்சியின் தோட்டத்துக் கிணறு உப்பாகி, வெள்ளாமையை விட்டு வருஷக் கணக்காச்சாம். ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கு அந்தப் பக்கத்துக் கிணறுகளில்தான் டி.டி.எஸ். மீட்டரோடு இறங்கியிருக்கிறாள், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கிற கருவி. நல்ல மழைக்கு அடுத்த வாரம் போனதால், அளவு எதிர்பார்த்ததைவிடக் கம்மியாக வந்துவிட்டது. ரீடிங்கை அப்படியே ரெக்கார்டில் ஏற்றி முடித்திருக்கலாம். கோடையில் அதே 11 கிணறுகளுக்கும் மறுபடி போயிருக்கிறாள்.

“இதெல்லாம் ஏம்மா எழுதலை?”

“இதுல என்னங்ணா இருக்கு? நான் பண்ணின தப்புதானே...”

அங்கேதான் மேட்டரே இருக்கு! அதைப் படிக்கப்போவது பெரும்பாலும் அந்தத் துறைப் பேராசிரியர்கள். இந்தப் பிள்ளைக்கு ஆராய்ச்சின்னா என்னன்னு தெரியுமா, ஒரு கேள்வியை விடாமல் துரத்துமா, நம்ம டிபார்ட்மென்ட்டில் இதற்கு என்ன வேலை இருக்கு? அவர்கள் தேடுவது இதைத்தான். மழைக்கு முன், மழைக்குப் பின் என்று இரண்டு தடவை அளந்தவளிடம் மூன்றுக்குமே பதில் இருக்கிறது. அப்புச்சியை வைத்து அழவைக்க வேண்டியதில்லை, அவர் ஒரு வரியில் வந்தால் போதும். கிணறுதான் ஹீரோ.

அடுத்த பஞ்சாயத்து, அரியர். மூணாவது செமஸ்டரில் அவளுக்கு ஒரு பேப்பர் போயிருந்தது. “அதைப் பத்தி மூச்சே விடாதே” என்றதாம் கன்சல்டன்சி. மார்க் ஷீட்டும் கூடவேதான் போகுது, அப்புறம் எதை மறைக்கிறது? காரணம் என்ன, எப்போ கிளியர் பண்ணினேன் என்று இரண்டே வாக்கியம். கெஞ்சல், சோகக் கதை வேண்டாம். அப்படித்தான் எழுதினாள்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். மிச்சிகன் மாதிரி சில அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் எஸ்.ஓ.பி. தனியாக, பெர்சனல் ஸ்டேட்மென்ட் தனியாகக் கேட்கும். முன்னது நீங்கள் செய்த வேலையும் செய்யப்போகிற வேலையும். பின்னது நீங்கள் வந்த வழி. ஒன்றை இரண்டிலும் ஒட்டினால் மாட்டிக்கொள்வீர்கள். டிகிரிக்கு பிரிட்டன் போகிற தம்பி தங்கை யாராவது வீட்டில் இருந்தால், 2026 சேர்க்கையிலிருந்து யூகாஸில் ஒரே கட்டுரை கிடையாது, மூன்று கேள்விகள் என்று சொல்லிவிடுங்கள். ஏன் இந்தப் படிப்பு, படித்தது எப்படித் தயார்படுத்தியது, படிப்புக்கு வெளியே என்ன செய்தாய். இடைவெளியும் சேர்த்து மொத்தம் 4,000 எழுத்துகள்தான்.

எழுத ஆரம்பிக்கும்போது இங்கிலீஷ் வரலைன்னு சீனியர் ஃபைலைத் திறக்காதீங்க. முதல் டிராஃப்டைத் தமிழிலேயே, ரூம்மேட்டுக்குச் சொல்கிற மாதிரி கொட்டுங்கள். அந்தப் பொண்ணும் கிணறு கதையை வாட்ஸ்அப்பில் தமிழில்தான் சொன்னாள், அதிலிருந்துதான் எஸ்.ஓ.பி. பிறந்தது. இங்கிலீஷைத் திருத்த ஆள் கிடைக்கும், கிணற்றுக்குள் இறங்க ஆள் கிடைக்காது.

பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்குக் கடைசித் தேதி டிசம்பர், ஜனவரியில் வந்துவிடும். செப்டம்பரிலேயே முதல் டிராஃப்ட் ரெடியாகிவிட்டால், ரெகமண்டேஷன் லெட்டர் தரப்போகிற புரபசரிடமும் ஒரு காப்பி கொடுங்கள். அறுபது பேர் கிளாஸில் உங்களைப் பற்றி எழுத அவருக்கும் மேட்டர் வேணுமே!