ஜீப்புக்குக் காய்ச்சல் வந்தால்...

மருந்துப் பெட்டியுடன் மலைக் கிராமங்களுக்குச் செல்லும் சகோதரியரானாலும் சரி, விடுமுறைக்குக் கொடைக்கானல் புறப்படும் குடும்பமானாலும் சரி, கரடுமுரடான பாதைக்கு ஜீப்பைத்தான் நம்புகிறோம். அந்த ஜீப் ஏற்றத்தின் நடுவே ஆவி கக்கி நின்றுவிட்டால் என்ன செய்வது? "பெண் பிள்ளைகளுக்கு எஞ்சின் பாடம் எதற்கு?" எனச் சிலர் வினவலாம். அவசரத்தில் ரேடியேட்டர் மூடியைத் திறப்பவரின் முகமும் கையும் வெந்துவிடும். பக்கத்தில் நிற்பவரையும் கொதிநீர் விட்டுவைக்காது. ஆகவே ஓட்டுநர் மட்டுமல்ல, வண்டியில் ஏறும் அனைவரும் இதை அறிந்திருக்க வேண்டும் என்பது எங்கள் எண்ணம்.

எஞ்சினுக்குள் எரிபொருள் எரியும்போது வெப்பம் 2,000 டிகிரி சென்டிகிரேடையும் தாண்டுகிறது. அலுமினியமோ 660 டிகிரியில் உருகிவிடும். அப்படியானால் அலுமினிய பிஸ்டன் எப்படிப் பிழைக்கிறது? எரிபொருள் தரும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை எஞ்சினைச் சுற்றி ஓடும் நீர் வாங்கிக்கொள்கிறது. வாட்டர் பம்ப் அந்நீரை ரேடியேட்டருக்குத் தள்ளுகிறது. அங்கே மெல்லிய குழாய்களின் வழியே இறங்கும்போது, எதிர்க்காற்றும் விசிறியும் அதைக் குளிர்விக்கின்றன. குளிர்ந்த நீர் மீண்டும் எஞ்சினுக்குத் திரும்புகிறது. இந்தச் சுற்றில் எங்கேனும் ஓரிடத்தில் தடை ஏற்பட்டால் எஞ்சினுக்குக் காய்ச்சல் கண்டுவிடும். காய்ச்சல் ஒரு நோயன்று, நோயின் அறிகுறியே என்று மருத்துவர்கள் சொல்வதில்லையா? அதுபோலத்தான் இதுவும்.

இனி மூடியின் கதைக்கு வருவோம். நம் வீட்டு பிரஷர் குக்கரை எண்ணிப் பாருங்கள். அழுத்தம் கூடினால் நீரின் கொதிநிலையும் உயரும். ரேடியேட்டர் மூடியிலும் ஒரு சுருள்வில் அழுத்தத்தைத் தாங்கி நிற்கிறது. சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு தாங்கும் மூடியானால், சமவெளியில் நீர் ஏறத்தாழ 110 டிகிரி வரை கொதிக்காது. மூடியைத் திறந்ததும் அழுத்தம் போய்விடுகிறது. 110 டிகிரியில் இருக்கும் நீர் அக்கணமே கொதித்து, ஆவியோடு பீறிட்டு அடிக்கிறது. விசில் வந்துகொண்டிருக்கும் குக்கரின் மூடியை நம் அன்னையர் திறப்பார்களா?

மலை இன்னொரு சோதனையும் வைக்கிறது. உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைவதால், சுமார் 2,100 மீட்டர் உயரமுள்ள கொடைக்கானலில் திறந்த பாத்திரத்து நீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். சுமையோ அதிகம், வேகமோ குறைவு, எதிர்க்காற்றும் இல்லை. பழைய ஜீப்புகளில் எஞ்சினோடு பெல்ட்டால் பிணைக்கப்பட்ட விசிறி, எஞ்சின் மெதுவாக ஓடினால் தானும் மெதுவாகவே சுற்றும். அதனால்தான் ஏற்றத்தில் உயர்ந்த கியரில் திணறுவதைவிடக் கீழ்க் கியரில் செல்வது நல்லது.

வெப்பமானியின் முள் மெல்ல ஏறுகிறது, ஆவி வரவில்லை என்றால் ஓரமாக நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து எஞ்சினைச் சற்று நேரம் ஓடவிடலாம். விசிறியும் பம்பும் வேலை செய்து சூட்டைத் தணிக்கும். ஆவி கிளம்பிவிட்டால், அல்லது முள் சிவப்பைத் தொட்டுவிட்டால், எஞ்சினை உடனே அணைக்க வேண்டும். ஏற்றத்தில் நிற்பதால் கைப்பிரேக் போட்டுச் சக்கரத்துக்குக் கல் வைப்பது இன்றியமையாதது. முள் திடீரெனக் கீழே இறங்கினாலும் மகிழ்ந்துவிடக் கூடாது. நீர் முழுவதும் வடிந்துபோனால், நீரின் சூட்டை அளக்கும் கருவி வெறும் இடத்தில் நிற்கும். அப்போதும் முள் தாழ்வாகக் காட்டலாம்.

பிறகு பொறுமை. அரை மணி நேரமாவது காத்திருந்து, மேல் ஹோஸ் கையால் தாங்கும் சூட்டுக்கு வந்தபின், தடித்த துணியைப் போட்டு மூடியை முதல் நிறுத்தம் வரை மட்டும் திருகி, எஞ்சிய அழுத்தத்தை வெளியேற்ற வேண்டும். சூடான எஞ்சினில் தண்ணீரைக் கொட்டுவது பெருந்தவறு. காய்ந்த கண்ணாடித் தம்ளரில் குளிர்ந்த நீரை ஊற்றியதுபோல வார்ப்பிரும்பு விரிசல் விட்டுவிடும்.

காத்திருக்கும் வேளையில் கண்ணால் பார்க்கக்கூடியவை பல. வண்டிக்கு அடியில் ஈரமுண்டா? ஹோஸ் எனும் ரப்பர் குழாய் வெடித்திருக்கிறதா, அதன் கிளிப் தளர்ந்திருக்கிறதா? வாட்டர் பம்பின் கீழுள்ள சிறு துளையில் நீர் சொட்டினால் பம்பின் சீல் தேய்ந்துவிட்டது என்று பொருள். எஞ்சின் நின்றிருக்கும்போது ஃபேன் பெல்ட்டை நடுவில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். ஏறத்தாழ அரை அங்குலம் அமிழலாம். தொளதொளவென்றிருந்தால் விசிறியும் பம்பும் வழுக்குகின்றன.

ரேடியேட்டரின் முன்புறத்தில் சேறும் புல்விதையும் பூச்சிகளும் அடைத்திருந்தால் காற்று நுழையாது. 1970-இல் ஹோண்டா மூன்று சக்கரத்துடனும், 1982-இல் சுசுகி நான்கு சக்கரத்துடனும் வெளியிட்ட ஏ.டி.வி. எனும் சேற்று வண்டிகளின் வழிவந்தவற்றில், நீரால் குளிர்பவற்றுக்கு இதுவே முதல் எதிரி. எஞ்சின் ஆறியபின் பின்புறமிருந்து முன்னோக்கி மென்மையாக நீர் பாய்ச்சிக் கழுவ வேண்டும். வேகமாக அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.

வெளியே சுத்தமாக இருந்தும் சூடு தணியாவிட்டால், அடைப்பு உள்ளே இருக்கலாம். வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியில் படியும் வெள்ளைப் படலம் நாம் அறிந்ததே. உப்புக் கிணற்று நீரை ஊற்றும் ரேடியேட்டரிலும் அதுவே படிகிறது. காய்ச்சி வடித்த நீரும் கூலன்ட்டும் கலந்து ஊற்றுவதே முறை.

தெர்மாஸ்டாட் என்றொரு சிறு கதவு உண்டு. நீர் சுமார் 80 டிகிரியை எட்டியதும் திறந்து, அதை ரேடியேட்டருக்கு அனுப்பும். எஞ்சின் கொதிக்கையில் மேல் ஹோஸ் மட்டும் சூடேறாதிருந்தால் இக்கதவு திறக்கவில்லை எனச் சந்தேகிக்கலாம். சிலர் இதைக் கழற்றி எறிந்துவிட்டுப் பெருமைப்படுகிறார்கள். எங்களுக்கு இதில் உடன்பாடில்லை. கதவின்றி ஓடும் எஞ்சின் தகுந்த சூட்டை அடைய வெகு நேரமாகி, எரிபொருளை வீணாக்கித் தானும் தேய்கிறது.

எஞ்சின் ஆயில் பால் கலந்த தேநீர்போல மாறினாலோ, ரேடியேட்டரில் நீர்க்குமிழிகள் விடாமல் கிளம்பினாலோ ஹெட் கேஸ்கெட் பழுதாகியிருக்கக்கூடும். அதன்பின் ஓட்டக் கூடாது. இழுத்துக்கொண்டுபோய் மெக்கானிக்கிடம் விடவேண்டியதுதான்.

குறையைச் சரிசெய்தபின், ஆறிய எஞ்சினை மெதுவாக ஓடவிட்டுச் சிறிது சிறிதாக நீர் ஊற்றினால் உள்ளே அடைபட்ட காற்று வெளியேறும். மிஞ்சிய கூலன்ட்டை இறுக மூடி, உயரமான இடத்தில் வையுங்கள். பலவற்றில் எத்திலீன் கிளைக்கால் எனும் பொருள் உள்ளது. தித்திப்பாய் இருக்கும் அது கொடிய நஞ்சு. தரையில் சிந்தியதை நாயும் நக்கும், குழந்தையும் தொட்டு வாயில் வைக்கும். சிந்திய இடத்தை அப்போதே நிறைய நீர்விட்டுக் கழுவித் துடைத்துவிட வேண்டும்.