அயல் உயிருக்கும் அறம் உண்டு

2017 செப்டம்பர் 15 அன்று காசினி விண்கலம் சனிக் கோளின் வளிமண்டலத்துக்குள் பாய்ந்து எரிந்துபோனது. அது விபத்தல்ல, விஞ்ஞானிகள் எடுத்த முடிவு. 13 ஆண்டுகள் சனியைச் சுற்றிய கலத்தில் எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது. கட்டுப்பாட்டை இழந்தால் அது என்றாவது என்செலடஸ் என்ற சிறு நிலவில் மோதக்கூடும். அந்த நிலவின் தென்துருவத்தில் பனிப்பாளங்களின் வெடிப்பு வழியே நீராவியும் பனித்துகளும் பீறிட்டு எழுகின்றன. அவற்றின் ஊடே பறந்த காசினி உப்பையும் கரிமச் சேர்மங்களையும் ஹைட்ரஜனையும் கண்டறிந்தது. பனிக்கடியில் கடல் இருக்கிறது. அதில் உயிர் உண்டா என்பது தெரியாது. பூமியிலிருந்து ஒட்டிச் சென்ற கிருமி எதுவும் அங்கே போய்ச் சேர்ந்துவிடக் கூடாது என்றுதான் கலத்தையே எரித்தார்கள்.

வேற்றுலக உயிர் என்றதும், மதங்கள் என்ன ஆகும் என்றே பலரும் கேட்கிறார்கள். அந்தக் கவலைக்குப் பெரிய ஆதாரம் இல்லை. திருவாசகத்தின் திருவண்டப்பகுதி எண்ணற்ற அண்டங்களைப் பேசுகிறது. குர்ஆனின் 42-ஆம் அத்தியாயம் வானங்களிலும் பூமியிலும் பரவியுள்ள உயிர்களைச் சொல்கிறது. 1600-இல் ரோமில் எரிக்கப்பட்ட தத்துவவாதி புரூனோ மீதான குற்றச்சாட்டுகளில், உலகங்கள் பல என்று அவர் சொன்னதும் ஒன்று. ஆனால் 2008-இல் வத்திக்கான் வானாய்வகத்தின் இயக்குநர் ஹோசே கேப்ரியல் ஃபூனஸ், வேற்றுலக உயிரை நம்புவது கத்தோலிக்க நம்பிக்கைக்கு முரணல்ல என்றார். நம்பிக்கை தன்னை விரித்துக்கொள்ளும். சறுக்குவது நம் நடத்தைதான். அமெரிக்கப் பழங்குடிகளும் மனிதர்களே, அவர்களை அடிமையாக்கக் கூடாது என்று 1537-இல் போப் மூன்றாம் பவுல் அறிவித்தார். அடிமைத்தனமோ நிலப்பறிப்போ நிற்கவில்லை. கப்பலேறி வந்த பெரியம்மை ஊர் ஊராக மக்களைக் கொன்றது. கிருமி என்றால் என்னவென்றே அன்று யாருக்கும் தெரியாது. நமக்குத் தெரியும்.

சோப்புப் போட்டு நாள்தோறும் கோடிக்கணக்கில் கொல்கிறோமே, நுண்ணுயிருக்கு என்ன அறம் என்று கேட்கலாம். நம் கையில் சாகும் கிருமிக்கு உலகெங்கும் உறவுண்டு. என்செலடஸில் உயிர் இருந்தால் அதுவோ, உயிர் இரண்டாவது முறை தோன்றியதற்கான ஒரே சான்றாக இருக்கக்கூடும். அழித்தால் மீட்க வழியில்லை. செவ்வாயின் பாறைத் துண்டுகள் விண்கற்களாகப் பூமியில் விழுந்திருக்கின்றனவே, இயற்கையே கலக்கும்போது நமக்கென்ன என்பது அடுத்த வாதம். அதனால்தான் கூடுதல் கவனம் வேண்டும். செவ்வாயில் நாளை கிடைக்கும் உயிர் பழைய உறவா, நாம் கொண்டுபோய்க் கொட்டியதா என்று பிரித்தறிய முடியாமல் போனால் ஆராய்ச்சியே வீண். கலங்களைக் கிருமி நீக்கி அனுப்பச் செலவு அதிகம் என்பது உண்மைதான். ஆனாலும் 1976-இல் செவ்வாயில் இறங்கிய வைக்கிங் கலங்களை, புறப்படும் முன் 110 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஒரு நாளுக்கும் அதிகமாகச் சூடேற்றித்தான் அனுப்பினார்கள்.

மனிதரை அப்படிச் சூடேற்ற முடியாது. ஒவ்வோர் உடலும் கோடானுகோடி நுண்ணுயிர்களைச் சுமக்கிறது. மனிதரைச் செவ்வாய்க்கு அனுப்பத் தனியார் நிறுவனங்களும் திட்டமிடுகின்றன. தீங்கான மாசைத் தவிர்க்க வேண்டும் என்கிறது இந்தியாவும் ஏற்றுள்ள 1967 விண்வெளி உடன்படிக்கை. தனியார் செயலுக்கும் அந்தந்த நாடே பொறுப்பு என்றும் சொல்கிறது. எனவே நீர் இருக்கக்கூடிய இடங்களைக் கிருமி நீக்கிய கருவிகள் தேடி முடிக்கும்வரை அங்கே மனிதர் கால்வைக்கக் கூடாது என்று அரசுகள் இப்போதே சட்டமாக்க வேண்டும். எவ்வுயிரையும் மதிக்கச் சொல்லும் மதங்களும், சான்றைக் காக்கச் சொல்லும் அறிவியலும் சேர்ந்து குரல்கொடுக்க வேண்டிய கோரிக்கை இது.