பாட்டனார் பெயர் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?



சென்ற ஆண்டு நம் அறக்கட்டளைக்கு ஒரு பாகப்பிரிவினை விவகாரம் வந்தது. வீடு ஒன்று, மனை ஒன்று, பெரிய சொத்தல்ல. அந்தக் குடும்பத்தில் தந்தையும் மூத்த மகனும் சில மாத இடைவெளியில் மௌத்தானவர்கள். நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. தந்தை முந்தி என்றால் மூத்த மகனுக்குப் பங்கு சேர்ந்து, அது அவர் பிள்ளைகளுக்கு வரும். மகன் முந்தி என்றால், மற்ற மகன்கள் ஹயாத்தாக இருந்ததால், பேரப்பிள்ளைகளுக்கு ஃபராயிள் சட்டப்படி பங்கு இல்லை. இரு தரப்பும் சத்தியம் செய்யத் தயாராக இருந்தார்கள். யாரும் பொய் சொல்வதாக எங்களுக்குத் தோன்றவில்லை. அவரவர் வீட்டில் அவரவர் கேட்டு வளர்ந்த செய்தி அது.

இறப்புப் பதிவேட்டின் இரண்டு நகல்கள் வந்த பிறகுதான் பேச்சு நின்றது. மகன்தான் முந்தி. சிறிய தந்தையர் பின்னால் தம் மனமுவந்து அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுத்தது வேறு விஷயம்; அதைப் பங்காக அல்ல, அன்பளிப்பாகக் கொடுத்தார்கள்.

இதை எழுதக் காரணம், அந்த நகலை முதலிலேயே யாரும் கேட்காததுதான். "நாங்கள் வாரிசு என்று நிரூபித்தால்தானே கொடுப்பார்கள்" என்று ஒரு தரப்பு உட்கார்ந்திருந்தது. அப்படி இல்லை. 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, எந்த நபரும் கட்டணம் செலுத்திப் பதிவேட்டில் தேடச் சொல்லலாம், பிறப்பு இறப்பு குறித்த சான்று பெறலாம் என்கிறது. உறவினர் என்று அதில் நிபந்தனை இல்லை. மறைக்க வேண்டியது ஒன்றுதான்: இறப்புக்கான காரணம். என்ன நோயில் இறந்தார் என்பது பதிவேட்டில் இருந்தாலும் சான்றில் வராது. நல்ல ஏற்பாடு என்றே நினைக்கிறோம். இறந்த தேதி ஊருக்குத் தெரியலாம். நோய் வீட்டோடு இருக்கட்டும்.

எங்கே கேட்பது? மரக்காணம் எல்லைக்குள் நடந்தது என்றால் பேரூராட்சி அலுவலகம். சுற்றுக் கிராமங்களில் கிராம நிர்வாக அலுவலர். 1980-க்கு முன் அந்த வேலையைப் பார்த்தவர் கிராம முன்சீப். அந்தப் பதவியை அவ்வாண்டு நவம்பரில் ஒழித்துவிட்டார்கள். பழைய கிராமப் புத்தகங்கள் தாலுகா அலுவலகத்துக்கும் சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் போய்ச் சேர்ந்தவை. சென்னை மாகாணத்தில் 1899-லேயே இதற்கென்று சட்டம் வந்துவிட்டதால், பாட்டனார் காலத்துப் பதிவும் கிடைக்க வாய்ப்புண்டு. ஆனால் பெயரை மட்டும் சொல்லிக் கேட்டால் கிடைக்காது. புத்தகம் ஊர்வாரியாக, தேதிவாரியாக இருக்கும். வருஷமும் மாதமும் ஓரளவாவது தெரிய வேண்டும். "பெரிய புயல் வந்த வருஷம்", "ரமளானுக்கு இரண்டு மாதம் முன்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதைக் குறித்துக்கொண்டு போங்கள்.

பெயர் இன்னொரு தொல்லை. நம் வழக்கப்படி ஏழாம் நாள் அகீகா கொடுத்துப் பெயர் வைக்கிறோம். முன்சீப்புக்குச் செய்தி அதற்கு முன்பே போயிருக்கும். ஆகவே பல பதிவுகளில் 'ஆண் குழந்தை' என்று மட்டும் இருக்கும், தகப்பனார் பெயரோடு. தகப்பனார் பெயரும் எழுதியவர் காதில் விழுந்தபடி இருக்கும்: முஹம்மது, மகமது, மம்மது எல்லாம் ஒரே ஆள்தான். (இப்போது பிறக்கும் பிள்ளைகளுக்கு இந்தக் குறை வேண்டாம். பதிவில் பெயர் சேர்க்க 12 மாதம் வரை கட்டணமில்லை. 15 ஆண்டு வரை கட்டணத்தோடு சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளி, பாஸ்போர்ட், வாக்காளர் பட்டியல் எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றே ஆதாரம்.)

தேடியும் இல்லையென்றால், 'பதிவு இல்லை' என்ற சான்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஓராண்டு கடந்த பிறப்பையோ இறப்பையோ புதிதாகப் பதிய கோட்ட அளவிலான அதிகாரியின் உத்தரவு வேண்டும். நமக்கு அது திண்டிவனம். அங்கே முதலில் கேட்பதே அந்தச் சான்றைத்தான்.

நிக்காஹ் விஷயம் வேறு. தமிழ்நாட்டில் எல்லா மதத்தாரின் திருமணத்தையும் சார்பதிவாளரிடம் பதிவது கட்டாயமானது 2009 நவம்பர் 24 முதல்தான். அதற்கு முந்திய நம் நிக்காஹ்களைத் தேட அரசிடம் புத்தகம் இல்லை. சர் சையத் அஹ்மத் கான் கொண்டுவந்த 1880-ஆம் ஆண்டின் காஜிகள் சட்டம், காஜியை நியமிக்க வழி செய்தது. காஜி இல்லாமல் நிக்காஹ் கூடாது என்று சொல்லவில்லை. ஆக, லெப்பையோ இமாமோ நடத்திவைத்து, வலியும் சாட்சிகளும் கையெழுத்திட்ட பள்ளிவாசல் தஃப்தர்தான் ஒரே எழுத்து. அந்தக் காலத்தில் மதராஸ் மாகாணத் தேவாலயங்களின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் நகல்கள் லண்டனுக்குப் போயின. இன்றும் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. நம் தஃப்தருக்கு நகல் கிடையாது. ஒரு புத்தகம் கரையான் அரித்தால் ஒரு தலைமுறையின் நிக்காஹ் எழுத்தே போயிற்று.

இந்தக் கடற்கரையில் கரையான் மட்டுமா? உப்பளக் காற்றில் தாள் எப்போதும் ஈரம் பூத்தே இருக்கிறது. 2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோது எத்தனை வீட்டுப் பெட்டிகள் நனைந்தன என்பது உங்களுக்கே தெரியும். மிஞ்சிய பழைய ஏடுகளிலும் சில அரபுத்தமிழில், ஹிஜ்ரி தேதியோடு இருக்கின்றன. ஹிஜ்ரி 1365 என்றால் 1945 டிசம்பரில் தொடங்கி 1946 நவம்பரில் முடிந்த ஆண்டு. இதை வாசித்துச் சொல்லக்கூடியவர்கள் நம்மிடையே விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கிறார்கள்.

சரி, இந்தத் தஃப்தரை யார் பார்க்கலாம்? மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பேரப்பிள்ளைகள் வந்து, பாட்டியின் ஊர் இதுதானா என்று கேட்கும்போது மனம் நெகிழ்கிறது. இரத்த உறவைச் சேர்ப்பது நன்மையான காரியம். ஆனால் எல்லோரும் அதற்காகக் கேட்பதில்லை. சம்பந்தம் பேச வருகிறவர்கள், பெண்ணின் தாயாருக்கு முன்பு தலாக் ஆனதா என்று 'சும்மா பார்க்க' வந்ததும் உண்டு. பார்க்க விடவில்லை. அவர்கள் கோபித்துக்கொண்டார்கள்.

பக்கத்தில் புதுச்சேரியையும் காரைக்காலையும் ஆண்ட பிரெஞ்சுக்காரர்களின் முறை நமக்கு உதவுகிறது. பிரான்சில் பிறப்பு, திருமணப் பதிவுகளை 75 ஆண்டு கழித்து யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதுவரை சம்பந்தப்பட்டவர்களுக்கே முழு நகல். எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரிலுள்ள ஆவணக் காப்பகம், முன்னாள் காலனிகளின் நூறாண்டு கடந்த பதிவுகளை இணையத்திலும் வைத்திருக்கிறது. புதுச்சேரியில் சம்பந்தம் உள்ள குடும்பங்கள் அங்கே தேடிப் பார்க்கலாம்.

முத்தவல்லி சாஹிபுடன் கலந்து நாங்களும் அந்த 75 ஆண்டுக் கணக்கையே வைத்திருக்கிறோம். அதற்கு முந்தைய பக்கங்களை யாரும் கேட்டுப் பார்க்கலாம். பிந்தையவை மணமக்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் வாரிசுகளுக்கும் மட்டும். அதுவும் அவர்களுடைய பதிவு மட்டும், பக்கம் முழுவதையும் செல்போனில் படம் எடுக்க அனுமதியில்லை. தலாக், குலா குறிப்புகள் நீதிமன்றம் கேட்டாலன்றி வெளியே போகாது.

முன்பு இமாமாகவோ லெப்பையாகவோ இருந்தவர்களின் வீடுகளில் பழைய தஃப்தர் ஏடுகளும் மையவாடிக் கணக்குகளும் இன்னும் இருப்பதாக அறிகிறோம். ஜும்ஆவுக்குப் பிறகு அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். உங்கள் கண் முன்னாலேயே ஸ்கேன் செய்துவிட்டு, ஏட்டை உங்களிடமே திருப்பித் தருவோம். நனைந்து ஒட்டிப்போன பக்கங்களைப் பிரிக்க முயல வேண்டாம், வெயிலிலும் போட வேண்டாம். அப்படியே துணியில் சுற்றி எடுத்து வாருங்கள்.