இயங்குதள வலுப்படுத்தல்

இயங்குதள வலுப்படுத்தல் என்பது கணினியின் இயங்குதளத்தில் ஊடுருவலுக்கு இடம்தரும் வழிகளைக் குறைக்கும் பாதுகாப்பு நடைமுறை ஆகும். புதிதாக நிறுவப்பட்ட இயங்குதளத்தில் பயனருக்குத் தேவைப்படாத சேவைகளும் இயங்கக்கூடும். அவை ஒவ்வொன்றும் தாக்குபவருக்கு நுழைவாயில் ஆகலாம்.

வழிமுறைகள்

- தேவையற்ற மென்பொருள்களை நீக்குதல், பயன்படாத சேவைகளை நிறுத்துதல்.
- அன்றாடப் பணிக்கு நிர்வாகி கணக்கைத் தவிர்த்து, குறைந்த உரிமையுள்ள கணக்கைப் பயன்படுத்துதல்.
- பாதுகாப்புத் திருத்தங்களை உடனுக்குடன் நிறுவுதல். வன்னாகிரை தீநிரல் பயன்படுத்திய விண்டோசு குறைபாட்டுக்கு மைக்ரோசாப்ட் 2017 மார்ச் 14 அன்றே திருத்தம் வெளியிட்டது. திருத்தம் நிறுவப்படாத கணினிகளில் அத்தீநிரல் மே 12 முதல் பரவியது.
- நிகழ்வுப் பதிவுகளைத் தொடர்ந்து கண்காணித்தல்.

கூடங்குளம் நிகழ்வு

திருநெல்வேலி மாவட்டத்திலுள்ள கூடங்குளம் அணுமின் நிலையத்தின் கட்டுப்பாட்டு அமைப்புகள் தாக்கப்படவில்லை என்று நிலைய நிர்வாகம் 2019 அக்டோபர் 29 அன்று அறிவித்தது. மறுநாள், தன் கணினி ஒன்றில் தீநிரல் கண்டறியப்பட்டது உண்மையே என இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. இந்தியக் கணினி அவசரநிலைக் குழு செப்டம்பர் 4 அன்றே இதைத் தெரிவித்திருந்தது. பாதிக்கப்பட்டது இணையத்துடன் இணைந்த நிர்வாகப் பிணையக் கணினி என்றும், முக்கிய உட்பிணையம் அதிலிருந்து பிரிக்கப்பட்டிருந்தது என்றும் கழகம் விளக்கியது.

வரம்புகள்

பிணையத்தைப் பிரிப்பது மட்டும் போதாது. 2010இல் வெளிப்பட்ட சுடக்சுநெட், இணையத் தொடர்பற்ற கணினிகளுக்கும் பென்டிரைவ் வழியாகப் பரவக்கூடியதாக இருந்தது. எனவே தனித்து நிற்கும் கணினிகளின் இயங்குதளமும் வலுப்படுத்தப்பட வேண்டும்.